செவ்வாய்க்கிழமைலேருந்து எல்லாம் திறக்குது, எனக்கு மட்டும்தான் நெஞ்சு படபடக்குதா?

செங்காங்வாசி
23 ஏப்ரல் 2022, இரவு 10:42

வணக்கம். நேத்து நம்ம சிங்கப்பூர் கொவிட் பணிக்குழுவோட அறிவிப்பு வந்ததுலேருந்து வீட்ல எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். வர்ற செவ்வாய் 26ஆம் தேதிலேருந்து ஒண்ணா கூடுறதுக்கு 10 பேருங்குற கட்டுப்பாடு இல்ல, ஒரு மீட்டர் இடைவெளி இல்ல, முக்கால்வாசி இடத்துல டிரேஸ்டுகெதர் (தொற்றுத் தொடர்பைக் கண்டுபிடிக்குற செயலி) தட்ட வேண்டியதில்ல, எல்லாரும் ஆபீஸ் போகலாம், நோய் எச்சரிக்கை நிலையை ஆரஞ்சு நிறத்துலேருந்து மஞ்சளுக்கு இறக்கியாச்சு. வீட்டுக்காரர் நேத்து ராத்திரியே பழைய பேட்மின்டன் கூட்டாளிங்களுக்கு ஃபோன் போட ஆரம்பிச்சுட்டாரு, மகளுக்கு 9 வயசு, பிறந்தநாளுக்கு முழு கிளாஸையும் கூப்பிடலாமான்னு கேக்குறா. எனக்கு வயித்தைப் பிசையுது.

நான் பயந்த சுபாவம் கிடையாதுங்க. 2020 ஏப்ரல்ல சர்க்யூட் பிரேக்கர்னு ஊரடங்கு ஆரம்பிச்சப்போ பதறாம இருந்தவ நான்தான், மாமியாருக்கு மாத்திரை, மகளுக்கு வீட்டுலேருந்து படிப்பு, என் வேலை, எல்லாத்தையும் ஒரே சாப்பாட்டு மேசைலேருந்து பாத்துக்கிட்டேன். இப்போ ரெண்டு வருஷம் கழிச்சு, எல்லாம் சரியாகுதுன்னு சொல்ற நேரத்துல இந்தப் பயம் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல.

எப்படி இருக்குன்னா, எங்க புளோக்ல லிஃப்ட் கதவு திறக்கும், உள்ள மூணு பேர் நிப்பாங்க, நான் உடனே ஃபோனை எடுத்து ஏதோ மெசேஜ் வந்த மாதிரி பாத்துக்கிட்டு "யூ கோ ஃபர்ஸ்ட்"னு சொல்லிடுவேன். கதவு மூடினதும் அப்பாடான்னு இருக்கும். அடுத்த லிஃப்ட்லயும் ஆள் இருந்தா மாடிப்படிதான், வீடு 11ஆவது மாடி. ராத்திரி அரசாங்க வாட்ஸ்அப்ல இன்னிக்கு எத்தனை கேஸுன்னு பாக்காம தூங்க முடியாது, பிப்ரவரில ஒரே நாள்ல 26,000 தாண்டினப்போ ஆரம்பிச்ச பழக்கம், இப்போ அவ்ளோ இல்லைன்னு தெரிஞ்சும் விட முடியல.

ஆபீஸ் ராஃபிள்ஸ் பிளேஸ்ல. நேத்தே மெயில் வந்துடுச்சு, செவ்வாய்க்கிழமை மொத்த டிபார்ட்மென்ட்டும் வரணும், மத்தியானம் எல்லாரும் ஒண்ணா சாப்பாடுன்னு. 20 பேருக்கு மேல ஒரே ரூம்ல மாஸ்க்கைக் கழட்டிட்டு உக்காந்து சாப்பிடுறதை நெனச்சாலே உள்ளங்கை வேர்க்குது. மாமியாருக்கு 82 வயசு, சக்கரை, பிரஷர் ரெண்டும் இருக்கு. ஊசி பூஸ்டர் எல்லாம் போட்டாச்சு, எனக்கும் போட்டாச்சு, இருந்தாலும் நான் கொண்டுவந்து கொடுத்துட்டேன்னா?

வீட்டுக்காரர்கிட்ட சொன்னா "எல்லாரும் போறாங்கல்ல"ங்குறாரு. தப்பா சொல்லல, ஆனா அதுக்கப்புறம் அவர்கிட்ட பேச எனக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு. இந்த மாதிரி வேற யாருக்காவது இருக்கா? எப்படி சமாளிக்குறீங்க?


ஜொகூர்பையன்
23 ஏப்ரல் 2022, இரவு 11:15

அக்கா, வருத்தப்படாதீங்க, ஆனா மறுபக்கத்தையும் யாராவது சொல்லணும்லா அதான் எழுதுறேன். நான் மலேசியாக்காரன், வேலை இங்க, 2020 மார்ச் 18 அந்தப் பக்கம் ஜொகூர் பாலத்தை மூடினப்போ நான் இந்தப் பக்கம் மாட்டிக்கிட்டேன். தினமும் மோட்டார்ல போய் வந்துட்டு இருந்தவன், அதுக்கப்புறம் உட்லண்ட்ஸ்ல ஒரு ரூம். கடற்கரையோரம் போய் நின்னா ஜொகூர் கட்டடமெல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஆனா போக முடியாது. அப்பா தவறினப்போ காரியத்தை ஃபோன்லதான் பாத்தேன்.

இந்த ஏப்ரல் 1 பாலம் திறந்த அன்னிக்கு ராத்திரி அந்த மோட்டார் கூட்டத்துல நானும் இருந்தேன், எல்லாரும் ஹார்ன் அடிச்சாங்க, எனக்கு அழுகைதான் வந்துச்சு. அம்மா வாசல்லயே நின்னாங்க. அதனால திறக்குறதை நெனச்சு பயம்னு யாராவது சொன்னா முதல்ல எனக்குக் கொஞ்சம் சுருக்குனு இருக்கும், உண்மையை சொல்லிடுறேன். மூடி வச்சதுக்கும் ஒரு விலை இருந்துச்சு, அதை எங்கள மாதிரி ஆளுங்க கொடுத்தோம்.

இவ்ளோ சொன்னாலும், அன்னிக்கு செக்பாயின்ட்ல ஆளோட ஆள் ஒட்டி நின்னப்போ எனக்கே மூச்சு முட்டின மாதிரி ஆயிடுச்சு, ஹெல்மெட்டைக் கழட்டிட்டுத்தான் நின்னேன். அதனால நீங்க சொல்றது பொய்யில்லைன்னு தெரியும். போங்கக்கா, போனாதான் போகும்.


வார்டுஅக்கா
24 ஏப்ரல் 2022, காலை 7:05

நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு பஸ்ல உக்காந்து எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. நான் தாதியா வேலை பாக்குறேன், 2020லேருந்து கொவிட் வார்டுலதான் அதிக நாள் இருந்தேன்.

செங்காங்வாசி, முதல்ல ஒண்ணு. ரெண்டு வருஷமா நாங்கதான் உங்களுக்கு பயப்படச் சொல்லிக் கொடுத்தோம். கிட்ட போகாதே, தொடாதே, பேசாதே, பஸ்ல ஃபோன் பேசாதே, பெஞ்சுல சிவப்பு வெள்ளை டேப், சூப்பர்மார்க்கெட் தரையில கால் வச்சு நிக்க ஸ்டிக்கர். இதையெல்லாம் ஒழுங்கா கேட்டு நடந்தவங்கதான் இன்னிக்கு உங்களை மாதிரி கஷ்டப்படுறாங்க, நீங்க கேட்டதாலதான் எங்க வார்டு தாங்குச்சு. அறிவிப்பு ஒரு சாயங்காலத்துல வந்துடும், உடம்பு அவ்ளோ சீக்கிரம் வராது. அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

ஆனா எது நெஜமான ஆபத்து, எது இல்லைன்னு பிரிச்சுப் பாக்கணும், எல்லாத்துக்கும் ஒரே அளவு பயந்தா மனுஷனால தாங்க முடியாது. நீங்க லிஃப்ட்டுக்குப் பயந்து 11 மாடி ஏறுறீங்க. லிஃப்ட்ல அரை நிமிஷம் ஒரு நிமிஷம், எல்லாரும் மாஸ்க் போட்டிருக்காங்க, யாரும் பேசுறதில்ல. அங்க வாய்ப்பு கம்மி. இந்தக் கிருமி காத்துல பரவுற கிருமி, மூடின இடம், ரொம்ப நேரம், மாஸ்க் இல்லாம பேச்சு சிரிப்பு, இந்த மூணும் சேர்ற இடத்துலதான் கவனம் வேணும். அந்தக் கணக்குல பாத்தா உங்க ஆபீஸ் சாப்பாடுதான் யோசிக்க வேண்டிய விஷயம், லிஃப்ட் இல்ல. சாப்பாட்டைப் பத்தி மேனேஜர்கிட்ட கேக்கலாம், ஜன்னல் இருக்குற இடமா, வெளியில திறந்த இடமா வைக்க முடியுமான்னு. கேட்டா யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க, மனசுக்குள்ள அதையே கேக்கணும்னு இன்னும் நாலு பேர் இருப்பாங்க.

அப்புறம், எல்லாமே போயிடலைங்குறதையும் கவனிங்க. வெளியில மாஸ்க் விருப்பம்னு மார்ச் 29லேயே சொல்லியாச்சு, ஆனா உள்ளிடங்கள்ல இன்னும் கட்டாயம், எம்ஆர்டி பஸ் எல்லாத்துலயும். ஆபீஸ்ல மத்தவங்களோட நேருக்கு நேர் பழகாம தனியா உங்க இடத்துல உக்காந்திருக்கும்போது கழட்டலாம்னுதான் தளர்த்தியிருக்காங்க. நீங்க கழட்டியே ஆகணும்னு எங்கேயும் கிடையாது. நாள் முழுக்கப் போட்டுக்கிட்டு இருங்க, முகத்துல சரியா உக்கார்ற மாஸ்க்கா போடுங்க, பக்கத்துல இடைவெளி விட்டு தொங்கினா பிரயோஜனம் இல்ல.

மாமியார் விஷயம். உங்க பயத்தோட வேர் அதுதான்னு எனக்குத் தோணுது. 2020ல வந்திருந்தா நானும் பயந்திருப்பேன். இன்னிக்கு நிலைமை வேற. நாட்டுல 90 விழுக்காட்டுக்கும் மேல ஊசி போட்டாச்சு, அவங்களுக்கு பூஸ்டரும் ஆச்சு, தீவிர நோய் வர்ற வாய்ப்பை அது நல்லாவே குறைக்குது, வயசானவங்களுக்கு சீக்கிரம் கண்டுபிடிச்சா கொடுக்க மாத்திரையும் இருக்கு. வாய்ப்பே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன், 82 வயசு, சக்கரை இருக்கு, கவனம் வேணும். வீட்டுல ஏஆர்டி கிட் (நாமளே பண்ணிக்குற கொவிட் டெஸ்ட்) வச்சிருங்க, தொண்டை கரகரத்தா அன்னிக்கே பண்ணுங்க, பாசிட்டிவ்னா தனி ரூம், 72 மணி நேரம் கழிச்சு திரும்ப டெஸ்ட், நெகட்டிவ் வந்தா வெளிய வரலாம். மாமியாருக்கு வந்துட்டா வீட்டுல வச்சு வேடிக்கை பாக்காம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. என்ன பண்ணணும்னு முன்னாடியே முடிவு பண்ணி வச்சுட்டா ராத்திரில பாதி பயம் குறையும்.

அந்த நம்பர் பாக்குறதை நிறுத்துங்க. நான் நிறுத்திட்டேன், வார்டுல வேலை பாக்குற நானே.


தோபாயோ_கண்ணாடி
24 ஏப்ரல் 2022, காலை 9:30

எல்லாரும் நல்லாதான் சொல்றீங்க. ஆனா இந்த இழையில பயம்ங்குறது மனசுல மட்டும்தான் இருக்குற மாதிரி பேச்சு போகுது, அதுக்காகத்தான் உள்ள வந்தேன்.

எனக்கு மாற்றுச் சிறுநீரகம். உடம்பு அதைத் தள்ளிடக் கூடாதுன்னு எதிர்ப்பு சக்தியைக் குறைக்குற மாத்திரை தினமும் சாப்பிடுறேன், வாழ்நாள் முழுக்க. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு தடுப்பூசி மத்தவங்களுக்கு வேலை செய்யுற அளவுக்கு செய்யாது, அதனாலதான் மத்தவங்களுக்கு ரெண்டு டோஸ்னு இருந்தப்போ எங்களுக்கு ஆரம்பத் தவணையே மூணு டோஸ்னு வச்சாங்க. 26ஆம் தேதிக்கு அப்புறம் பக்கத்துல நிக்குறவருக்கு இருமல் வந்தா அவருக்கு அது ரெண்டு நாள் சளி, எனக்கு ஆஸ்பத்திரி.

ஜொகூர் தம்பி, உங்க அப்பாவைப் பத்திப் படிச்சப்போ மனசு கனத்துப் போச்சு. பாலத்தை மூடியே வச்சிருக்கணும்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். திறக்கட்டும். ஆனா காப்பிக்கடையில நான் மாஸ்க்கோட நின்னு பொட்டலம் கட்டி வாங்கும்போது "அங்கிள், இனிமே வேணாம் அங்கிள், எல்லாம் முடிஞ்சுது"ன்னு சிரிக்குறாங்க பாருங்க, அதுதான் கஷ்டமா இருக்கு. விதி போனதும் விதியைக் கேட்டு நடக்குறவனை விநோதமா பாக்குறாங்க. ஒவ்வொரு தடவையும் என் மருத்துவ வரலாறை கடைக்காரர்கிட்ட விளக்க முடியுமா?

செங்காங்வாசி, ஆபீஸ்ல நீங்க மாஸ்க் போட்டுக்கிட்டே இருந்தா அது உங்க பயத்துக்காக மட்டும் இல்ல. உங்க டிபார்ட்மென்ட்ல என்னை மாதிரி ஒருத்தர் வெளிய சொல்லாம உக்காந்திருக்கலாம். அவருக்கு உங்களைப் பாத்தா தெம்பா இருக்கும்.


செங்காங்வாசி
24 ஏப்ரல் 2022, காலை 11:50

இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல. கண்ணாடி அண்ணா, நீங்க சொன்னது மனசுல ஆழமா பதிஞ்சுது, எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு அம்மா கீமோ முடிச்சுட்டு வந்திருக்காங்க, நான் என் பயத்துலயே இருந்ததால அவங்களைப் பத்தி யோசிக்கவே இல்ல, அவங்களுக்கு இன்னிக்கே மெசேஜ் பண்றேன். வார்டு அக்கா, லிஃப்ட் கணக்கை நீங்க சொன்ன அப்புறம் காலையில ஒரு ஆள் இருந்த லிஃப்ட்ல ஏறினேன். நெஞ்சு அடிச்சுது, இருந்தாலும் கீழ வந்து சேந்தேன்.

ஆனா ஒரு சந்தேகம். புரிஞ்ச அப்புறமும் உடம்பு ஏன் கேக்க மாட்டேங்குது? ஆபத்து கம்மின்னு மூளைக்குத் தெரியுது, கை வேர்க்குறது நிக்கல.


துவாஸ்_மன்னார்குடி
24 ஏப்ரல் 2022, மதியம் 1:20

அக்கா வணக்கம், இன்னிக்கு லீவு அதான் பாத்தேன். நான் ஷிப்யார்டு வேலை, வெளிநாட்டு ஊழியர் தங்குற டார்மிட்டரில இருக்கேன். 2020 ஏப்ரல்ல எங்களை உள்ள வச்சுப் பூட்டினப்போ ரூம்ல 12 பேரு, ஒருத்தன் இருமினா மத்த 11 பேரும் தூங்க மாட்டோம். இந்த ஊர்ல டார்மிட்டரில இருந்தது மூணு லட்சம் பேருக்கு மேல. நீங்கெல்லாம் 2020 ஜூன்ல வெளிய வந்துட்டீங்க, எங்களுக்கு வேலைக்கு லாரி, திரும்ப ரூம், அப்புறம் பொழுதுபோக்கு நிலையம், அவ்ளோதான் ரொம்ப நாளு. போன வருஷம் செப்டம்பர்ல முதல் முதலா கொஞ்சம் பேரை தேக்காவுக்கு, அதான் லிட்டில் இந்தியாவுக்கு, கூட்டிட்டுப் போனாங்க, வாரத்துக்கு 500 பேரு. எனக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கல.

இந்த மார்ச்ல எண்ணிக்கையைக் கூட்டினாங்க, வெளிய போறதுக்கான எக்ஸிட் பாஸ் கிடைச்சுது. சட்டை அயர்ன் பண்ணி போட்டுக்கிட்டு எம்ஆர்டி ஏறி லிட்டில் இந்தியால இறங்குறேன், ரெண்டு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்த இடம். வெளிய வந்து சிராங்கூன் ரோட்ல அந்தக் கூட்டத்தையும் வண்டி சத்தத்தையும் பாத்ததும் காலு நடுங்குது அக்கா. எனக்கு 29 வயசு, கப்பல்ல உயரத்துல தொங்கி வெல்டிங் பண்றவன். காளியம்மன் கோயில் சுவத்துல சாஞ்சு நின்னுட்டேன். பூ விக்குற அம்மா ஒருத்தங்க "என்ன தம்பி வெயிலா"ன்னு கேட்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை நகத்திப் போட்டாங்க. கொஞ்ச நேரம் அங்கேயே உக்காந்தேன். அவங்க பாட்டுக்கு மல்லியப் பூ கட்டிக்கிட்டே யார்கிட்டயோ வெல பேசிக்கிட்டு இருந்தாங்க, அதைப் பாத்துக்கிட்டே இருந்ததுல தானா சரியாயிடுச்சு. அப்புறம் உள்ள போய் கும்பிட்டுட்டு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு கோபுரத்தைக் காட்டினேன்.

எங்களுக்கு இன்னும் பாஸ் எடுத்துத்தான் போகணும், 8 மணி நேரம்தான். நீங்க பாஸ் இல்லாம போகலாம் அக்கா. யாராவது ஒருத்தர் கூட போங்க, மொத தடவ தனியா போகாதீங்க, அதுதான் எனக்குத் தெரிஞ்சது.


பழைய_சிராங்கூன்
24 ஏப்ரல் 2022, மாலை 4:10

எனக்கு 71 வயது. எழுதுவதற்கு பேத்தி உதவுகிறாள்.

சார்ஸ் வந்தது 2003 மார்ச்சில். இங்கே 238 பேருக்கு வந்து 33 பேர் இறந்தார்கள், அதில் டாக்டர், தாதி எல்லாம் உண்டு. டான் டோக் செங் ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏற மக்கள் தயங்கின காலம். தாதி உடுப்போடு யாராவது ரயிலில் வந்தால் எழுந்து தள்ளிப் போவார்கள், என் தங்கை தாதி, அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். மே மாதக் கடைசியில் சிங்கப்பூரில் சார்ஸ் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. சொன்ன மறுநாள் எல்லாரும் தேக்காவுக்கு ஓடவில்லை அம்மா. என் மனைவி மாதக்கணக்கில் ஈரச் சந்தைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஒருநாள் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டி, கூட்டம் வருவதற்குள் போய் வந்துவிடலாம் என்று கூட்டிப் போனார். பிறகு ஏழு மணி, பிறகு ஞாயிற்றுக்கிழமை. இப்படித்தான் போனது.

துவாஸ் தம்பி சொல்வதும் அதுதான். கூட ஒரு ஆள் வேண்டும்.

எனக்கு இப்போது இருப்பது வேறு ஆசை. போன வருஷமும் இந்த வருஷமும் தைப்பூசத்துக்குக் காவடி கிடையாது, பெருமாள் கோயிலிலிருந்து நடை கிடையாது. டேங்க் ரோடு கோயிலில் நேரம் பதிவு செய்து, கோயிலிலேயே தயார் செய்து கொடுத்த பால்குடத்தை எடுத்து, சில நிமிஷத்தில் வெளியே வந்தோம். அரோகரா சத்தம் இல்லாத தைப்பூசம். கூட்டத்தைப் பார்த்து நீங்கள் பயப்படுகிறீர்கள், எனக்கு அந்தக் கூட்டத்துக்குள் ஒரு முறையாவது திரும்ப நிற்க வேண்டும். அடுத்த வருஷமாவது விடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.


நிலையம்_எழில்
24 ஏப்ரல் 2022, இரவு 9:00

நான் ஒரு குடும்பச் சேவை நிலையத்துல சமூக ஊழியரா இருக்கேன். செங்காங்வாசி கேட்ட கேள்விக்கு, அதாவது தெரிஞ்சும் உடம்பு ஏன் கேக்க மாட்டேங்குதுன்னு, எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

லிஃப்ட் கதவு மூடினதும் "அப்பாடா"ன்னு இருக்கும்னு எழுதியிருந்தீங்க, முழு விஷயமும் அந்த அப்பாடாலதான் இருக்கு. விலகி வந்ததும் கிடைக்குற அந்த நிம்மதியை உடம்பு பாத்து, ஓ விலகினதாலதான் தப்பிச்சோம், அப்போ உள்ள நெஜமாவே ஆபத்து இருந்துச்சு போலன்னு எழுதி வச்சுக்கும். அடுத்த தடவ இன்னும் சீக்கிரம் மணியடிக்கும். விலக விலக பயம் வளரும். சாலையோரம் சங்கிலில கட்டி வளத்த நாயை அவுத்து விட்டாலும் கொஞ்ச நாளைக்கு அந்த வட்டத்தைத் தாண்டாது இல்லையா, அந்த மாதிரிதான், சங்கிலி போயிடுச்சுன்னு அதுக்கு வாயால சொல்லிப் புரிய வைக்க முடியாது, நடந்து பாத்துத்தான் தெரிஞ்சுக்கும். அதனால புரிஞ்சுக்கிட்டா மட்டும் போதாது, உடம்பை அந்த இடத்துல கொஞ்ச நேரம் நிக்க வைக்கணும். படபடப்பு ஏறும், உச்சிக்குப் போகும், நீங்க ஒண்ணும் பண்ணாம அங்கேயே நின்னா இறங்கும். இறங்குறதை நீங்க கண்ணால பாக்கணும், பாதில ஓடி வந்துட்டா ஏறினது மட்டும்தான் ஞாபகத்துல நிக்கும். துவாஸ் தம்பி ஸ்டூல்ல உக்காந்து பூக்கட்டுறதைப் பாத்துக்கிட்டு இருந்தாரே, யாரும் சொல்லிக் கொடுக்காம அவர் பண்ணது அதுதான்.

ஒரே நாள்ல எம்ஆர்டி, ஆபீஸ், 20 பேர் சாப்பாடு எல்லாம் வேண்டாம். சுலபமானதுலேருந்து போங்க. நாளைக்கு லிஃப்ட்ல ரெண்டு பேரோட ஏறுங்க. ரயில்ல கூட்டம் கம்மியான நேரத்துல கிளம்புங்க, செங்காங்லேருந்து ஏழு மணிக்கு முன்னாடி ஏறினா உக்கார இடம் கிடைக்கும். முதல் வாரம் சாப்பாட்டுக்குப் பாதி நேரம் உக்காந்துட்டு வாங்க. ஒண்ணு பழகின அப்புறம் அடுத்தது. நடுவுல ஒருநாள் முடியாமப் போனா பரவாயில்ல, அதுக்கு முந்தின படிலேருந்து திரும்ப ஆரம்பிங்க.

கண்ணாடி அண்ணா சொன்னதை நான் ஒதுக்கல, ரொம்ப முக்கியமான விஷயம் அது. முன்னெச்சரிக்கை வேற, பயத்தை ஆத்துறதுக்காக பண்ற சடங்கு வேற. மாஸ்க் போடுறது, ஏஆர்டி பண்றது, சாப்பாட்டைக் காத்தோட்டமான இடத்துல வைக்கச் சொல்றது, இதெல்லாம் கிருமியைத் தடுக்கும், வச்சுக்கோங்க. ராத்திரி நம்பர் பாக்குறது எந்தக் கிருமியையும் தடுக்காது, 11 மாடி ஏறுறதும் அப்படித்தான், அதையெல்லாம் விடுங்க. அண்ணா மாதிரி உடல்நிலை இருக்குறவங்களுக்கு இந்தக் கோடு வேற இடத்துல விழும், அதை அவங்களோட டாக்டரோட பேசித்தான் போடணும், பக்கத்துல இருக்குறவங்க தீர்ப்பு சொல்லக் கூடாது.

உங்களுக்கு மட்டும்தானான்னு கேட்டீங்க. இல்ல. அமெரிக்க உளவியல் சங்கம் 2021 ஆரம்பத்துல எடுத்த ஒரு கருத்துக்கணிப்புல, தொற்று முடிஞ்ச அப்புறம் திரும்ப நேர்ல பழகுறதை நெனச்சா சங்கடமா இருக்குன்னு 49 விழுக்காட்டினர் சொன்னாங்க. கவனிக்க வேண்டியது என்னன்னா ஊசி போட்டவங்கள்லயும் 48 விழுக்காடு அதையேதான் சொன்னாங்க. ஊசி நோய்க்குத்தான், இதுக்கு இல்ல.

ஆபீஸ்ல பேசுறதுக்கும் தயங்காதீங்க. எல்லாரும் வரலாம்னு சொன்னாலும், வீட்டுலேருந்து வேலை, நேரத்தை மாத்தி வர்றது மாதிரி நீக்குப்போக்கான ஏற்பாடுகளைத் தொடரச் சொல்லி அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேந்து ஊக்கப்படுத்தியிருக்காங்க. "எனக்கு பயமா இருக்கு"ன்னு ஆரம்பிக்க கஷ்டமா இருந்தா "வீட்டுல 82 வயசு மாமியார் இருக்காங்க, முதல் ரெண்டு மூணு வாரம் சீக்கிரம் வந்து சீக்கிரம் கிளம்பலாமா"ன்னு கேளுங்க.

கடைசியா, தூக்கம் வாரக்கணக்குல கெட்டுப் போனாலோ, மூச்சு முட்டி கை கால் மரத்துப் போற அளவுக்கு அடிக்கடி வந்தாலோ, வீட்டை விட்டு வெளிய வரவே முடியாமப் போனாலோ, தனியா சமாளிக்காதீங்க. உங்க குடும்ப டாக்டர் இல்லைன்னா பாலிகிளினிக்ல சொல்லலாம், பதற்ற நோய்க்கான சிகிச்சை நாள்பட்ட நோய்த் திட்டத்துல வருது, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம். நடுராத்திரில தாங்க முடியலைன்னா மனநலக் கழகத்தோட 24 மணி நேர உதவி எண் 6389 2222. நம்ம ஆளுங்க இதுக்கெல்லாமா ஃபோன் பண்றதுன்னு நெனைக்குறதாலேயே சொல்றேன், இதுக்குத்தான் அந்த எண்.


ஜொகூர்பையன்
24 ஏப்ரல் 2022, இரவு 9:48

எழில் அக்கா சொன்ன சங்கிலி விஷயம் எனக்கும் பொருந்துது. பாலம் திறந்தும் ரெண்டாவது வாரம் போகணும்னு நெனச்சப்போ ஏனோ தயக்கமா இருந்துச்சு, களைப்புன்னு சொல்லி சமாளிச்சுட்டேன். அடுத்த சனிக்கிழமை போறேன். கண்ணாடி அண்ணா, கடையில யாராவது அப்படி சொன்னா இனிமே நான் பக்கத்துல இருந்தா விட மாட்டேன்.


செங்காங்வாசி
26 ஏப்ரல் 2022, இரவு 8:35

இன்னிக்கு போயிட்டு வந்தேன். காலையில ஆறே முக்காலுக்கே வீட்டுக்காரர் கூட வந்தாரு, அவருக்கு ஆபீஸ் வேற பக்கம், இருந்தாலும் ராஃபிள்ஸ் பிளேஸ் வரைக்கும் வந்து விட்டுட்டுத்தான் போனாரு. இந்த இழையை நேத்து ராத்திரி அவர்கிட்ட படிக்கக் கொடுத்தேன், படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "எத்தனை மணிக்குக் கிளம்பணும்"னு கேட்டாரு.

தோபி காட்ல மாறும்போது கூட்டம் இருந்துச்சு, நெஞ்சு அடிக்க ஆரம்பிச்சுது, எழில் சொன்ன மாதிரி இறங்காம கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். சிட்டி ஹால் வர்றதுக்குள்ள இறங்குச்சு, முழுசா இல்ல, ஆனா இறங்குச்சு. சாப்பாட்டு விஷயம் மேனேஜர்கிட்ட முன்னாடியே கேட்டேன், அவர் உடனே கீழ திறந்த இடத்துல ரெண்டு மூணு மேசையா பிரிச்சுப் போடச் சொல்லிட்டாரு, அந்த கீமோ முடிச்ச அம்மாவும் வந்தாங்க, நானும் அவங்களும் ஓரமா ஒரு மேசையில உக்காந்தோம். அவங்க முந்தாநாள் ராத்திரியெல்லாம் தூங்கலையாம். ரெண்டு பேரும் வெள்ளிக்கிழமையும் சேந்து போறதா பேசி வச்சிருக்கோம்.

துவாஸ் தம்பி, அடுத்த தடவ பாஸ் கிடைச்சு தேக்கா வரும்போது இங்க எழுதுங்க, நாங்க குடும்பமா வர்றோம், சாப்பாடு எங்க செலவு.

வார்டு அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மாமியாருக்கு முதல் பூஸ்டர் போன நவம்பர்ல போட்டோம். ரெண்டாவது பூஸ்டர் போடணுமா, இப்பவேவா? அவங்களுக்கு ஊசின்னா பயம், ஒரு தடவ போதும்ங்குறாங்க.


வார்டுஅக்கா
27 ஏப்ரல் 2022, காலை 6:50

ரொம்ப சந்தோஷம்மா. 80 வயசுக்கு மேல இருக்குறவங்களுக்கு ரெண்டாவது பூஸ்டர் பரிந்துரைச்சிருக்காங்க, முதல் பூஸ்டர் போட்டு சுமார் அஞ்சு மாசம் கழிச்சு. நவம்பர்னா அவங்களுக்கு நேரம் வந்தாச்சு, இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க. முன்னாடி ஊசிக்கு ஏதாவது ஒவ்வாமை இருந்திருந்தா அங்க டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. சக்கரை மாத்திரையை நிறுத்த வேண்டாம், காலையில சாப்பிட வச்சுக் கூட்டிட்டுப் போங்க. ஊசி போடும்போது முகத்தை உங்க பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு ஏதாவது பேச்சு கொடுத்துக்கிட்டே இருங்க, முடிஞ்சதே அவங்களுக்குத் தெரியாது. கை வலிச்சா பனடோல் போதும்.